நேர்கோடு சொன்ன வரலாறு: கண்டி நாட்டுக் காய்ச்சலும் மரண வீதமும்



வரலாறு என்றதும் முடியும் கொடியும் போரும் உடன்படிக்கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு நாட்டில் ஆண்டுதோறும் எத்தனை பேர் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்னும் கணக்கும் வரலாறுதான். சில வேளைகளில் அந்தக் கணக்கேடு சொல்லும் கதை, அரசர் கதையினும் வியப்பூட்டுவதாக அமைந்துவிடுகிறது.

1946 ஆம் ஆண்டில் இலங்கையில் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 20 பேர் இறந்தனர். அடுத்த ஆண்டாகிய 1947 இல் அந்தத் தொகை ஏறக்குறைய 14 ஆகக் குறைந்தது. ஓராண்டு நிறையுமுன் மாண்ட குழந்தைகள், பிறந்த ஆயிரத்துக்கு 141 என்ற நிலையிலிருந்து 101 என்ற நிலைக்கு இறங்கினர். அக்காலத்தில் நாட்டின் மக்கட்டொகை அறுபத்தாறு இலட்சத்துக்குச் சற்று மேல். ஆகவே ஒரே ஆண்டில் ஏறக்குறைய 40,000 உயிர்கள் காக்கப்பட்டன எனலாம். ஐரோப்பிய நாடுகள் பல பத்தாண்டுகளிற் கண்ட மாற்றத்தை இச்சிறு தீவு பன்னிரண்டு மாதங்களிற் கண்டது. உலகத்து அறிஞர் பலர் வியந்து நோக்கினர்.

காரணம் யாது? அக்காலத்தில் எவரைக் கேட்டாலும் தயங்காமல் விடை சொல்லியிருப்பார்: "டி.டி.டி. மருந்து தெளித்தார்கள், நுளம்பு ஒழிந்தது, மலேரியா அடங்கியது, மக்கள் பிழைத்தார்கள்." இவ்விடை பொய்யன்று. ஆனால் முழு மெய்யுமன்று என்று சிலர் ஐயுற்றனர். அந்த ஐயத்தைத் தீர்க்க அவர்கள் எடுத்த கருவி ஒரு நேர்கோடு. புள்ளிவிபரவியல் கற்கத் தொடங்கும் மாணவர் முதலாண்டிலேயே சந்திக்கும் நேர்கோட்டுப் பிற்செலவு என்பதே அது. அந்தக் கோடு என்ன சொல்லிற்று, எவ்வளவு சொல்லிற்று, எதனைச் சொல்ல வல்லதன்று என்பதையே இன்று ஆராயப் புகுகின்றோம்.

முதலில் நோயின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். கண்டி இராச்சியத்துக்கு மலையும் காடும் மட்டும் அரணாக இருக்கவில்லை. காய்ச்சலும் அரணாக இருந்தது. 1660 இற் சிறைப்பட்டுக் கண்டி நாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டு வாழ்ந்த இறொபேட்டு நொக்சு என்பார், தம் தந்தையைக் காய்ச்சலுக்கே பறிகொடுத்தார். 1803 இற் கண்டியைப் பிடித்துத் தங்கிய ஆங்கிலப் படை, வாளால் வீழுமுன்னரே நோயால் நலிந்து கிடந்தது.

ஆயினும் கண்டி நகரும் அதனைச் சூழ்ந்த மலைகளும் மலேரியாவின் நிலையான உறைவிடங்கள் அல்ல. அந்நோய் ஆண்டு முழுதும் குடிகொண்டிருந்தது வடக்கிலும் கிழக்கிலும் பரந்து கிடந்த வறண்ட வலயத்திலேதான். அனுராதபுரம், வவுனியா, மன்னார் முதலிய இடங்களிலும், கண்டிக்குக் கிழக்கே மலை இறங்கி மகாவலி சமவெளியை அடையும் பிந்தனைக் காட்டுப் பகுதியிலும் குழந்தைகள் காய்ச்சலோடே வளர்ந்தனர். மேற்குப் பகுதியில் மழை மிகுதி. ஆறுகள் இடையறாது ஓடும். நோயைப் பரப்பும் அனோபெலிசு குலிசிபேசிசு என்னும் நுளம்போ ஓடும் நீரை விரும்பாது. வெயில் படும் தெளிந்த தேங்குநீரே அதன் தொட்டில்.

1934 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. மகாவலி, மா ஓயா, களனி, தெதுறு ஓயா ஆகிய ஆறுகள் மணலும் பாறையும் தெரிய வற்றிக் குட்டை குட்டையாய் நின்றன. ஆண்டின் இறுதியில் கொள்ளைநோய் மூண்டது. கேகாலை, குருநாகல் பகுதிகள் மிகக் கொடிய துன்பத்தை அடைந்தன. கண்டி மாவட்டத்தின் தாழ்ந்த பள்ளத்தாக்குகளும் தப்பவில்லை. முன்பு நோய் கண்டறியாத மக்களுக்கு உடலில் எதிர்ப்பாற்றல் இல்லை. அதற்கு முந்திய வறட்சியும் உலகப் பொருளாதார மந்தமும் வயிற்றையும் ஒட்டவைத்திருந்தன. 1935 இல் நோய் தணிவதற்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். கொயினாவும் அரிசியும் சுமந்து ஊரூராகச் சென்ற இளைஞர் சிலர், அந்த ஆண்டின் இறுதியில் இலங்கையின் முதல் இடதுசாரிக் கட்சியைத் தோற்றுவித்தனர். ஒரு நுளம்பு நாட்டின் அரசியலையும் மாற்றிற்று எனின் அது மிகையாகாது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1944 இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவில் அமைத்தார். ஆசியப் போர்முனைகளிற் குண்டினும் மிகுதியாக மலேரியாவே வீரர்களைச் சாய்த்த காலம் அது. படையினர் கையாண்ட டி.டி.டி. மருந்து, போர் முடிந்ததும் பொதுமக்கள் இல்லங்களுக்கு வந்தது. 1945 இறுதியிலும் 1946 இலும் வறண்ட வலயத்து வீடுகளின் உட்சுவர்களில் அது தெளிக்கப்பட்டது. அதனை அடுத்தே 1947 இன் வியத்தகு வீழ்ச்சி நிகழ்ந்தது.

இனி நம் கேள்விக்கு வருவோம். வீழ்ச்சியில் மலேரியா ஒழிப்பின் பங்கு எவ்வளவு?

மலேரியாவால் இறந்தோரை மரணப் பதிவேட்டில் எண்ணிப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். தெரியாது. அக்காலத்துக் கிராமப் பதிவாளர் மருத்துவர் அல்லர். "காய்ச்சல்", "வலிப்பு", "பலவீனம்" என்று உறவினர் சொன்னதையே எழுதிவைப்பார். அன்றியும், மலேரியா தானே கொல்வது சிறிது. இரத்தத்தை வற்றச் செய்து, பிள்ளைபெறும் தாயையும் பால்குடிக் குழந்தையையும் வேறொரு நோய் கொண்டுபோக வழிதிறந்து விடுவதே பெரிது. அந்த மரணத்தின் மேல் மலேரியாவின் பெயர் எழுதப்பட்டிராது.

ஆகவே அறிஞர்கள் வேறொரு வழி தேடினர். மலேரியா பலமுறை கண்ட குழந்தையின் மண்ணீரல் வீங்கியிருக்கும். வயிற்றின் இடப்புறத்திற் கைவைத்தால் தட்டுப்படும். 1930 களின் பிற்பகுதியிலும் 1941 இலும் பாடசாலைப் பிள்ளைகளை இவ்வாறு சோதித்து, நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருந்தது என்று மாவட்டந்தோறும் கணக்கெடுத்திருந்தனர். இதுவே மண்ணீரல் வீதம். வறண்ட வலயத்தில் அது மிக உயரம். தென்மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் மிகத் தாழ்வு. இப்போது ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இரண்டு எண்கள் கைக்கு வந்துவிட்டன. ஒன்று, முன்னாளில் மலேரியா எவ்வளவு இருந்தது என்பது. மற்றொன்று, தெளிப்புக்குப்பின் மரண வீதம் எவ்வளவு குறைந்தது என்பது.

நேயர்கள் மனக்கண்ணில் ஒரு தாளை விரித்துக்கொள்ளுங்கள். அதன் அடிக்கோட்டின் வழியே மண்ணீரல் வீதம் இடமிருந்து வலமாக ஏறுகிறது. இடப்புறக் கோட்டின் வழியே மரண வீதத்தின் வீழ்ச்சி கீழிருந்து மேலாக ஏறுகிறது. ஒவ்வொரு மாவட்டமும் அத்தாளில் ஒரு புள்ளி. புள்ளிகள் வானத்து மீன்கள்போற் சிதறிக் கிடப்பினும், கூட்டமாக நோக்கினால் இடத்தே தாழ்ந்தும் வலத்தே உயர்ந்தும் தோன்றும். அக்கூட்டத்தின் நடுவே ஊடுருவிச் செல்லும் மிகப் பொருத்தமான நேர்கோடு எது?

எவரும் தத்தம் கண்ணுக்குப் பட்டவாறு கோடிழுத்தால் ஆளுக்கொரு கோடு வரும். அதனைத் தவிர்க்க ஒரு விதி வேண்டும். அவ்விதியை வானநூலார் தந்தனர். கோட்டிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் நிலைக்குத்தாக எவ்வளவு விலகி நிற்கிறதென்று அளந்து, அவ்விலகல்களை வர்க்கித்துக் கூட்டுக. எக்கோட்டுக்கு அக்கூட்டுத்தொகை மிகச் சிறிதோ அதுவே சிறந்த கோடு. இதனை இழிவு வர்க்க முறை என்பர். பிரான்சு நாட்டு இலெசாந்தர் 1805 இல் இதனை வெளியிட்டார். ஜெர்மனியின் காவுசு 1809 இல் தம் நூலில் விரித்துரைத்தார்.

பிற்செலவு என்னும் பெயர் பின்னர் வந்தது. இங்கே செலவு என்றது பணச் செலவன்று. பழந்தமிழிற் செல்லுதலைக் குறிக்கும் செலவே. இங்கிலாந்தின் பிரான்சிசு கால்டன், 928 பிள்ளைகளின் உயரத்தைப் பெற்றோர் உயரத்தோடு ஒப்பிட்டு 1886 இல் ஓர் உண்மையை வெளியிட்டார். மிக நெடிய பெற்றோரின் பிள்ளைகள் நெடியராயினும் பெற்றோரளவு நெடியரல்லர். மிகக் குறியோரின் பிள்ளைகளும் அவ்வளவு குறியரல்லர். பெற்றோர் சராசரியிலிருந்து விலகிய தூரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே பிள்ளைகள் விலகினர். சராசரியை நோக்கிப் பின்செல்லும் இந்தப் போக்கிற்கு அவர் இட்ட பெயர், எல்லாக் கோடுகளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

விதியை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். இவை உண்மை மாவட்டங்களின் எண்களல்ல. கணக்கிற்காக எடுத்த கற்பனை எண்கள். ஐந்து ஊர்கள். அவற்றின் மண்ணீரல் வீதம் முறையே 0, 10, 20, 30, 40. மரண வீத வீழ்ச்சி ஆயிரத்துக்கு முறையே 5, 7, 8, 9, 11. முதல் வரிசையின் சராசரி 20; இரண்டாம் வரிசையின் சராசரி 8. ஒவ்வோர் ஊரும் இரு சராசரிகளினின்றும் விலகிய அளவுகளைத் தம்முள் பெருக்கிக் கூட்டினால் 140 வரும். மண்ணீரல் வீதத்தின் விலகல்களை மட்டும் வர்க்கித்துக் கூட்டினால் 1000 வரும். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.14. இதுவே கோட்டின் படித்திறன், அதாவது சாய்வு. மண்ணீரல் வீதம் 10 கூடிய ஊரில் மரண வீழ்ச்சி 1.4 கூடியிருக்கிறது என்பது இதன் பொருள்.

சிறந்த கோடு எப்போதும் இரு சராசரிகளும் சந்திக்கும் புள்ளியூடே செல்லும். ஆகவே 20 இலிருந்து பூச்சியத்துக்குப் பின்சென்றால், 8 இலிருந்து 2.8 கழிந்து 5.2 எஞ்சும். இது வெட்டுத்துண்டு எனப்படும். மலேரியாவே இல்லாத ஊரிலும் மரணம் 5.2 குறைந்திருக்கிறது என்று கோடு கூறுகிறது. அக்குறைவுக்கு நுளம்பு காரணமாக இயலாது. வேறேதோ காரணம் இருத்தல் வேண்டும். எனவே சராசரி வீழ்ச்சியாகிய 8 இல் 2.8 மட்டுமே மலேரியாவோடு தொடர்புடையது. அதாவது நூற்றுக்கு 35 பங்கு. ஒரு கோட்டினால் ஒரு பெருங்கேள்வியை இரு கூறாகப் பிளந்துவிட்டோம்.

இம்முறையில் உண்மை மாவட்டங்களின் எண்களை வைத்துக் கணக்கிட்டவர் பொருளியலறிஞர் பீற்றர் நியூமன். 1965 இல் வெளிவந்த அவருடைய ஆராய்ச்சி, போருக்குப் பிந்திய மரண வீழ்ச்சியில் நூற்றுக்கு ஏறக்குறைய 42 பங்கு மலேரியா ஒழிப்பினால் விளைந்தது என்று முடிவு கட்டிற்று. இதற்கு முன்னரே ஹரால்டு பிரெடெரிக்சன் என்பார் 1960 இலும் 1961 இலும், மருந்து தெளிக்கப்படாத பகுதிகளிலும் மரணம் குறைந்ததே என்று சுட்டிக்காட்டி, உணவும் பொருளாதாரமும் முக்கியம் என வாதித்திருந்தார். நம் நாட்டு அறிஞர் எஸ். ஏ. மீகம 1967 இலும் 1969 இலும் எழுதிய கட்டுரைகளில், மருத்துவ வசதி, தாய்சேய் நலம், ஊட்டம் ஆகியவற்றின் பங்கை வற்புறுத்தினார். 1974 இல் ஆர். எச். கிரே மீண்டும் கணக்கிட்டபோது மலேரியாவின் பங்கு நூற்றுக்கு 23 என்றே வந்தது.

இவ்விவாதத்திற் கண்டியின் இடம் யாது? தாளின் இடது ஓரத்தை நினைவுகூருங்கள். அங்கேதான் கண்டி, நுவரெலியா, கொழும்பு, களுத்துறை போன்ற மாவட்டங்களின் புள்ளிகள் நிற்கின்றன. மண்ணீரல் வீதம் உயர்ந்த வறண்ட வலயத்தின் புள்ளிகளே யாவர் கண்ணையும் கவரும். ஆயினும் வெட்டுத்துண்டை நிலைநிறுத்துபவை இந்த இடது ஓரத்துப் புள்ளிகளே. மலைநாட்டிலும் தென்மேற்கிலும் மரணம் குறைந்திராவிட்டால் வீழ்ச்சி முழுவதையும் நுளம்பு மருந்தின் கணக்கில் எழுதியிருக்கலாம். குறைந்தபடியால் எழுத இயலவில்லை. நோயில்லா ஊர், நோயுள்ள ஊரின் கதையைத் தெளிவிக்கின்றது.

அந்த ஓரத்தில் நிகழ்ந்தது என்ன? 1926 இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பகுதி முறை மெல்ல நாடெங்கும் பரவிற்று. மருத்துவிச்சியர் பயிற்சி பெற்றனர். 1934 ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்பின் கிராமங்களில் மருந்தகங்களும் சிற்றாசுபத்திரிகளும் பெருகின. போர்க்காலத்திற் பங்கீட்டு அரிசி ஏழைக்கும் எட்டியது. சல்பா மருந்துகளும் பென்சிலினும் வந்து சேர்ந்தன. தனித்தனியே இவை விளம்பரம் பெறவில்லை. வெட்டுத்துண்டு என்னும் ஒற்றை எண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன.

இனி, ஒரே தீவின் ஒரே வீழ்ச்சிக்கு 42 என்றும் 23 என்றும் இரு விடை வந்தது ஏன் என்று நேயர்கள் வினவுவது இயல்பு. கூட்டலிலும் பெருக்கலிலும் பிழை நேர்ந்ததென எண்ணவேண்டா. எந்த ஆண்டுகளை முன்னாள் என்று கொள்வது, எவற்றைப் பின்னாள் என்று கொள்வது, போருக்கு முன்னரே தொடங்கிவிட்ட மெதுவான இறக்கத்தை எவ்வாறு கழிப்பது என்பன போன்ற முடிவுகளைக் கோடு செய்வதில்லை, கோடிழுப்பவரே செய்கிறார்.

ஒரு சான்று போதும். 1935 ஆம் ஆண்டை முன்னாட் கணக்கிற் சேர்த்துக்கொண்டால் என்னாகும்? மண்ணீரல் வீதம் தாழ்ந்த கேகாலைப் பகுதிதான் அவ்வாண்டில் மிகுதியாக மடிந்தது. ஆகவே அதன் பின்னைய வீழ்ச்சி பெரிதாகத் தோன்றும். இடது ஓரத்துப் புள்ளி மேலெழும், கோட்டின் சாய்வு தணியும், வெட்டுத்துண்டு உயரும். மலேரியாவே செய்த கொடுமை, "மலேரியா அல்லாத காரணம்" என்னும் பெட்டிக்குள் மறைந்து போகும்! எண்ணை அறிந்தவன் மட்டும் இதனைக் காணமாட்டான். ஆற்றையும் மழையையும் அறிந்தவனே காண்பான்.

இரண்டாவது எச்சரிக்கை இதனினும் ஆழமானது. வறண்ட வலயத்துக்கு அக்காலத்திற் சென்றது டி.டி.டி. மட்டுமன்று. குடியேற்றத் திட்டங்களும் பாதைகளும் மருத்துவமனைகளும் அதே ஆண்டுகளில் அதே இடங்களுக்குச் சென்றன. மண்ணீரல் வீதம் உயர்ந்த மாவட்டமே புதிய வசதியும் மிகுதியாகப் பெற்றிருந்தால், சாய்வின் ஒரு பகுதி நுளம்பு மருந்துக்குரியதா, மருத்துவமனைக்குரியதா என்பதை ஒற்றைக் கோடு பிரித்தறியாது. 1899 இல் இங்கிலாந்தின் வறுமை நிவாரணத்தை இம்முறையால் ஆராய்ந்த யூல் என்னும் அறிஞர், தாம் "காரணமாக" என்று எழுதிய இடத்திலெல்லாம் "தொடர்பாக" என்றே கொள்ளவேண்டும் என ஓர் அடிக்குறிப்பில் நேர்மையாக அறிவித்தார். அவ்வடிக்குறிப்பு ஒவ்வொரு நேர்கோட்டின் அடியிலும் எழுதப்படத் தக்கது.

மூன்றாவது, மாவட்டச் சராசரி என்பது ஒரு போர்வை. கண்டி மாவட்டம் தாளில் ஒரே புள்ளிதான். அந்தப் புள்ளிக்குள் கண்டி நகரத்து மாடிவீடும் இருந்தது. உயர்மலைத் தோட்டத்து லயமும் இருந்தது. கிழக்கே சரிந்திறங்கும் காய்ச்சற் காடும் இருந்தது. தோட்டத்துத் தொழிலாளர் நுளம்புக்கு எட்டாத உயரத்தில் வாழ்ந்தும், கொழுக்கிப் புழுவாலும் ஊட்டக் குறைவாலும் குழந்தைகளை இழந்தனர். அவர்கள் துயரம் மண்ணீரல் வீதத்தில் அளக்கப்படுவதன்று. மாவட்டத்தைப் பற்றிய கோடு, லயத்துத் தாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதை மறத்தலாகாது.

நான்காவது, கோடு தான் கண்ட எல்லைக்குள்ளேயே நம்பத்தக்கது. ஆண்டுகள் செல்லச் செல்ல மலேரியா நோயாளர் தொகை இறங்கி, 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேர் என்ற நிலையை அடைந்தது. அந்த இறக்கத்தைக் கோடாக நீட்டிப் பார்த்தவருக்கு அடுத்த படி பூச்சியமே. தெளிப்பு நிறுத்தப்பட்டது, விழிப்புத் தளர்ந்தது. மழையின் போக்கும் மக்களின் நடமாட்டமும் துணைசெய்ய, 1967 இலிருந்து நோய் மீண்டும் தலையெடுத்து, 1969 ஆம் ஆண்டில் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்தது. பின்னர் நுளம்பும் டி.டி.டி.க்கு அஞ்சாததாயிற்று. நீட்டிய கோட்டை நம்பியதற்கு நாடு கொடுத்த விலை அது. மருந்து மாற்றியும், நோயாளரைத் தேடித்தேடிக் குருதி சோதித்தும் மேலும் பல பத்தாண்டுகள் போராடிய பின்னரே, 2012 இல் உள்நாட்டில் தொற்றிய இறுதி நோயாளர் பதிவானார். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது.

ஆகவே முடிவாக யாது கொள்ளலாம்? 42 என்பாரும் 23 என்பாரும் ஒருவருக்கொருவர் பகைவரல்லர். மலேரியா ஒழிப்பின் பங்கு பெரிது. அதுவே முழுமையன்று என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். எல்லாம் மருந்துப் புட்டியின் செயல் என்று நம்பியிருந்தால், மருத்துவிச்சிக்கும் மருந்தகத்துக்கும் அரிசிப் பங்கீட்டுக்கும் அளிக்கும் பணம் வீண் என ஓர் அரசு துணிந்திருக்கலாம். எல்லாம் பொதுவளர்ச்சியின் செயல் என்று நம்பியிருந்தால், தெளிப்புக்காரனை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இரு பிழைகளும் உயிரைக் கொள்ளும். தாளில் இழுத்த ஒரு கோடு அவ்விரு பிழைகளுக்கும் இடையே வழிகாட்டி நிற்கிறது.

தராசு பொருளை எடைகாட்டும். பொருள் எங்கிருந்து வந்தது என்று கூறாது. நேர்கோடும் அத்தகையதே. சாய்வை நோக்கும்போது வெட்டுத்துண்டையும் நோக்குக. கோட்டை நோக்கும்போது அதனினின்றும் விலகிநிற்கும் புள்ளிகளையும் நோக்குக. புள்ளிகளை நோக்கும்போது அவை ஒவ்வொன்றும் இலட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்தும் மாண்டும் எழுதிய எண்கள் என்பதை மறவாதிருக்க. எண்ணென்ப, ஏனை எழுத்தென்ப என்று நம் முன்னோர் இரண்டையும் கண்ணெனப் போற்றியது, ஒரு கண்ணால் மட்டும் பார்க்கலாகாது என்பதற்காகவும் இருக்கலாம் அன்றோ?